இதர

தொண்ணூற்றெட்டோ நூற்றிரண்டோ, தினம் மாறுகிறது.
நூறு என்றே வைத்துக்கொள் என்றான் தனசீலன்.
அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதைச் சொன்னாலும்
இரண்டு சுழியம் கூடவே வந்து உட்கார்ந்தது.

ஜூரிச்சில் பதினோரு மாதம்.
ஆய்வகம் தருவது மாதம் இரண்டாயிரத்து அறுநூறு பிராங்க்.
தெருவே வாய் பிளந்தது.
எதிர்வீட்டு சொல்தா குடும்பத்து அமலோர்பவம் மட்டும்
மாடியில் துணி உதறியபடி கேட்டார்:
"அங்க முட்டை என்ன விலைன்னு விசாரிச்சியா?"

விசாரித்தேன்.
முட்டை அறுபது ரூபாய்.
முடிவெட்ட ஏழாயிரம்.
டிராமில் சீட்டில்லாமல் மாட்டினால்
தனசீலனின் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு டயரும்
ஒரு பேட்டரியும் போட்டுவிடலாம்.

முதல் கணக்கு மூன்று பேருக்கு.
கணினியில் கட்டம் போட்டு, வரிசை வரிசையாக.
அவன் மின்துறையில் சம்பளமில்லாத விடுப்பு எடுப்பதாக இருந்தது.
பெரிய அறை, மூவருக்கும் மருத்துவக் காப்பீடு,
இங்கே தவணை கட்டாமல் நிற்கும் வீட்டுக் கடன்.
கீழ்க்கட்டம் சிவந்தது.

அவன் வரிசையை நீக்கினோம்.
அவனே நீக்கினான். எலியைப் பிடித்திருந்தது அவன் கைதான்.
அவன் இல்லையென்றால்
பகலில் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும்.
காப்பகத்துக்கு ஒரு நாளைக்கு நூற்றிருபது.
இருபத்தொரு நாள்.
இரண்டாயிரத்து ஐந்நூற்றிருபது.
என் தொகையில் மிச்சம் எண்பது.
எண்பதில் குளிர்காலம்.

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு "காப்பகம்" என்ற வரிசையை நீக்கினேன்.
அதற்கு மேல் ஒரு பெயர் இருந்தது,
யாழினி, வயது ஐந்து.
அந்த இயந்திரம் "நிச்சயமாகவா?" என்றுகூடக் கேட்கவில்லை.
சிவப்பு கருப்பானது.

அறை தொள்ளாயிரத்து ஐம்பது. காப்பீடு முந்நூற்றெண்பது.
சாப்பாடு நானூற்றைம்பது. டிராம் தொண்ணூறு. கைபேசி முப்பது.
வீட்டுக்கு அனுப்ப நானூறு.
மீதி முந்நூறு.
அதற்கு என்ன பெயர் வைப்பது?
"இதர" என்று அடித்தான்.
நான்கு மாதம் அதைத் தொடாமலிருந்தால்
ஜனவரியில் ஒரு பயணச்சீட்டு வரும்.
இருவருக்கும் தெரிந்திருந்தது. இருவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதிச் சந்தை.
வெயிலில் கழுத்து எரிய, கம்பளிச் சட்டை தேடினோம்.
தலைவழியே ஒன்றை மாட்டிப் பார்த்தபோது
சாந்துக்கரண்டி விற்கிறவர் சிரித்தார்.
முந்நூற்றைம்பது என்றான் கடைக்காரப் பையன்.
மூன்றரை பிராங்க், அங்கே ஒரு காபிகூட வராது,
பேரம் பேசாமல் எடுத்து நீட்டினேன்.
தனசீலன் பாதி வழிவரை பேசவில்லை.
முத்தியால்பேட்டை மணிக்கூண்டருகே வண்டியை நிறுத்திச் சொன்னான்:
"நீ இன்னும் விமானம் ஏறல."

உண்மைதான். ஆனால் நாக்கு முந்திக்கொண்டு போய்விட்டது.
வெண்டைக்காய் நாற்பது காசு.
ஆட்டோ எண்பது காசு.
அவனுடைய ஒரு மாதச் சம்பளம்
என் அறையின் பதினாறு நாள்.
இதை அவனிடம் சொல்லவில்லை.
அவனும் போட்டுப் பார்த்திருப்பான்.

கிளம்புவதற்கு முதல் நாள்
நூற்றைம்பது ரூபாய்க்கு, காதுமடல் தெரிய, ஒட்ட வெட்டிக்கொண்டேன்.
பதினோரு மாதத்துக்குத் தாங்கும்.
யாழினி கதவருகே நின்று
ரொம்ப நேரம் என்னை ஒரு விருந்தாளியைப்போலப் பார்த்தாள்.

இரவு, பெட்டியை எடைபோட்டோம்.
பெட்டியோடு நான், பெட்டியில்லாமல் நான்,
கழித்தால் வருவது பெட்டி.
முப்பத்திரண்டு. அனுமதி முப்பது.
புளி, சாம்பார்தூள், குக்கருக்கு இரண்டு ரப்பர் வளையம்.
விளையாட்டென்று நினைத்து
அவளும் ஓடிவந்து எடைமேடையில் ஏறினாள்.
முள் ஆடி ஆடி நின்றது.
பத்தொன்பது.

இறங்கு என்று யாரும் சொல்லவில்லை.
"புளியைக் கொஞ்சம் எடுத்துடலாம்"
என்றான் தனசீலன்,
பெட்டியின் பக்கம் திரும்பாமலேயே.